பலகையின் மறு தொங்கல்

"புள்ள, இஞ்ச ஒருக்கா வந்து இந்தத் தொங்கலக் கொஞ்சம் புடி."

சகோதரிகளே, இந்தக் குரல் உங்கள் வீட்டிலும் கேட்பதுண்டா? அடுப்பில் கறி கொதித்துக் கொண்டிருக்கும். கையெல்லாம் மிளகாய்த்தூளாக இருக்கும். அவசரமாகக் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக் கொண்டு பின்வளவுக்கு ஓடினால், அங்கே 12 அடி நீளப் பலகை ஒன்று கிடக்கும். அதன் ஒரு பக்கம் வாளின் மேல் இருக்கும். மறு தொங்கல் நமக்காகக் காத்திருக்கும்.

தொழிலுக்கு ஓடாவியாக இல்லாவிட்டாலும், லீவு நாட்களில் வாளும் சீவுளியுமாக நிற்கும் ஆண்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். வெளிநாட்டில் உழைத்துவிட்டு வருகிறவர்கள் முன்பெல்லாம் ரேடியோ கொண்டு வந்தார்கள், பிறகு ரி.வி. கொண்டு வந்தார்கள். இப்போது மின்வாளும் துளைக்கும் மெஷினும் பெட்டிக்குள் வருகின்றன. நல்லதுதான். வீணாகத் திரிவதை விட வீட்டுக்கு ஒரு அலுமாரி செய்வது எவ்வளவோ மேல். ஆனால் வாளை வாங்குகிறவர்கள் அந்த வாளுக்கு ஒரு மேசை வேண்டும் என்பதை மட்டும் நினைப்பதில்லை. அந்த மேசை இல்லாத குறையைத்தான் நாங்கள், வீட்டுப் பெண்கள், எங்கள் கைகளால் நிரப்பிக் கொண்டிருக்கிறோம்.

"ஆம்பிளைகளின் தச்சு வேலையைப் பற்றி எழுத இவளுக்கென்ன தெரியும்?" என்று சிலர் கேட்கக் கூடும். பலகையின் மறு தொங்கலைப் பத்து மாதம் பிடித்தவளுக்குக் கொஞ்சம் தெரியும். அதில் ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் 2018 இல் கட்டாரிலிருந்து வரும்போது கொண்டு வந்தது மைட்டர் வாள். வட்டமான வாள் ஒரு கையில் பொருத்தப்பட்டிருக்கும். கைபிடியைப் பிடித்து மேலிருந்து கீழே அமர்த்தினால் பலகை அறுபடும். அந்தக் கையை இடம் வலமாகத் திருப்பி 45 பாகை வரை சாய்வாகவும் அறுக்கலாம். படச் சட்டத்தின் மூலை, கதவு நிலையைச் சுற்றி அடிக்கும் பட்டம் எல்லாம் இதில் ஒரே நொடியில் ஒழுங்காக வரும். கைவாளால் அரை மணித்தியாலம் பாடுபடும் வேலை.

ஆனால் அதன் வேகத்தை ஒரு தரம் கணக்குப் பாருங்கள். எங்களுடையது 10 அங்குல வாள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 4,600 தரம் சுற்றுகிறது. அப்படியானால் அதன் பல்லின் வேகம் மணிக்கு 200 கிலோமீற்றருக்கும் மேல். எந்த பஸ்ஸும் ஓடாத வேகம். அதைத்தான் இவர் விறாந்தையின் சீமெந்துத் தரையில் வைத்து, குந்தியிருந்து, பலகையைக் காலால் மிதித்துக் கொண்டு அறுத்தார். நீளப் பலகையென்றால் மறு தொங்கலுக்கு நான்.

2019 இல் ஒரு ஜும்ஆ நாள். பிள்ளைகளின் கட்டிலுக்குச் சட்டம் அறுத்தார். மகோகனிப் பலகை, 5 அங்குல அகலம், நல்ல பாரம். நானும் குனிந்து மறு தொங்கலைத் தாங்கினேன். வாள் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. பலகை தரையில் விழுந்து உடைந்து விடக் கூடாதே, அவருக்குப் பாரமாக இருக்கக் கூடாதே என்று நான் என் பக்கத்தைச் சற்றே மேலே தூக்கிக் கொடுத்தேன். ஒரு அங்குலம் கூட இராது. வாள் "க்றீச்" என்று ஒரு சத்தம் போட்டது. பலகை என் கையிலிருந்து துள்ளிப் போனது. அவருடைய இடது கை பலகையோடு சேர்ந்து இழுபட்டது.

ஆட்காட்டி விரலின் நுனி. ஆஸ்பத்திரியில் ஏழு தையல் போட்டார்கள். வாளின் மேல் இருந்த மூடி பாதி இறங்கியிருந்ததால் விரல் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். அந்த நுனியில் இன்றைக்கும் அவருக்குச் சூடு குளிர் தெரியாது. தேநீர்க் கோப்பையை அந்த விரலை நீட்டிக் கொண்டுதான் பிடிப்பார்.

அவர் தன்னைத்தான் குறை சொன்னார். கையை வாளுக்குக் கிட்ட வைத்தது தன் பிழை என்றார். நான் எதுவும் பேசவில்லை. ஆனால் பலகை துள்ளுவதற்கு முந்திய நொடியில் நான் தூக்கியது என் கைக்குத் தெரியும். அதை யாரிடமும் சொல்லாமல் மூன்று கிழமை திரிந்தேன்.

கடைசியில் எங்கள் தெருவில் இருக்கும் வயதான ஓடாவி மாமா ஒருவர் நோய் விசாரிக்க வந்தபோது, இவர் இல்லாத நேரம் பார்த்து அவரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. குசினியிலிருந்து ஒரு கெக்கரிக்காயும் கத்தியும் கொண்டு வரச் சொன்னார். காயின் நடுவில் முக்கால்வாசி வெட்டி, கத்தியை உள்ளேயே விட்டுவிட்டு, "இப்ப ஒரு பக்கத்தத் தூக்குங்க மகள்" என்றார். தூக்கினேன். கத்தி இறுகிப் போனது. அசைக்க முடியவில்லை. "இப்ப விடுங்க" என்றார். விட்டதும் வெட்டு விரிந்தது, கத்தி சும்மா வந்தது.

"தொங்கலத் தூக்கினா வெட்டு வாய மூடும் மகள். மூடினா வாளக் கடிக்கும். கடிச்சா வாள் சும்மா இருக்குமா?"

இவ்வளவுதான் விஷயம். நீங்களும் இன்றைக்கே குசினியில் செய்து பாருங்கள். மறு தொங்கல் அதிகம் தாழ்ந்தாலும் நல்லதல்ல. அறுபட்டு முடியும் தருணத்தில் பலகை முறிந்து, சிம்பு கிழித்துக் கொண்டு விழும். சில வேளை துண்டு சரிந்து வாளில் முட்டும். ஆனால் தூக்குவது அதை விட மோசம். ஒரு மனிதக் கையால் பலகையைச் சரியாக வாளின் மட்டத்திலேயே அசையாமல் பிடித்திருக்க முடியாது. எவ்வளவு அன்போடு பிடித்தாலும் முடியாது. அது மேசை செய்ய வேண்டிய வேலை.

ஓடாவி மாமா போன பிறகு இவரிடம் உண்மையைச் சொன்னேன். சற்று நேரம் என்னைப் பார்த்துக் கொண்டே இருந்தார். பிறகு, "அப்ப மேசையச் செய்வம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த மேசையைப் பற்றி இனிச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் வாள் இருந்தால் இந்தப் பக்கத்தை மடித்து உரியவரின் கையில் கொடுங்கள். அல்லது நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.

மைட்டர் வாளின் மேசை சாதாரண மேசை அல்ல. நடுவில் ஒரு பள்ளம், இரு பக்கமும் இரண்டு சிறகு என்று வைத்துக் கொள்ளுங்கள். வாள் பள்ளத்துக்குள் உட்காரும். அப்போது வாளின் அடித்தட்டும் இரு சிறகுகளின் மேற்பரப்பும் ஒரே மட்டத்தில் வந்துவிடும். எவ்வளவு நீளப் பலகையும் அதன் மேல் சும்மா படுத்திருக்கும்.

எங்களுடையது மொத்தம் 10 அடி நீளம், 2 அடி அகலம். இடப்பக்கச் சிறகு நாலரை அடி, நடுப்பள்ளம் இரண்டரை அடி, வலப்பக்கம் 3 அடி. இடப்பக்கம் ஏன் கூட என்று கேட்பீர்கள். இவர் வலக்கைக்காரர். வலக்கை வாளின் பிடியில் இருக்கும், இடக்கை பலகையை அமர்த்தும். ஆகவே நீளமான பாகம் இடப்பக்கம்தான் கிடக்கும். இடக்கைக்காரருக்கு மாற்றிச் செய்ய வேண்டும்.

உயரம் 34 அங்குலம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டுக்குச் சற்று மேலே அளந்து வைத்தோம். எங்கள் வாளின் அடித்தட்டு மூன்றே முக்கால் அங்குல உயரம். 34 இல் அதைக் கழித்தால் நடுப்பள்ளத்தின் தட்டு தரையிலிருந்து முப்பதே கால் அங்குலத்தில் வரும். இந்தக் கணக்கை அப்படியே எடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு வாளுக்கும் அடித்தட்டின் உயரம் வேறு. உங்கள் வாளை அளந்துதான் கழிக்க வேண்டும்.

கால்களுக்கும் சட்டத்துக்கும் புது மரம் வாங்கவில்லை. பழைய வீட்டை உடைத்தபோது வைத்திருந்த கதவு நிலைகள் இருந்தன. பழைய மரம் நன்றாகக் காய்ந்திருக்கும், இனி வளையாது. பச்சை மரத்தில் செய்தால் ஆறு மாதத்தில் முறுகி, மட்டமெல்லாம் போய்விடும். ஆணி மட்டும் கவனம். பழைய மரத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு ஆணி வாளின் பல்லைத் தின்றுவிடும். நான் ஒரு காந்தத்தை நூலில் கட்டி, ஒவ்வொரு நிலையின் மேலாகவும் இழுத்துப் பார்த்துத்தான் கொடுத்தேன். பிள்ளைகளுக்கு அது நல்ல விளையாட்டாகவும் இருந்தது. பதினொரு ஆணி பிடிபட்டது.

மேற்தட்டுக்கு 18 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை ஒன்று போதும். 8 அடிக்கு 4 அடித் தாளை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்தால் 2 அடி அகலத்தில் இரண்டு பட்டி வரும். ஒரு பட்டியில் இரு சிறகுகளும் முடிந்து, அரை அடி மிஞ்சும். மற்றப் பட்டியில் நடுத்தட்டும் சில்லறைத் துண்டுகளும் வரும். விலை குறைவென்று எம்.டி.எப். பலகையை வாங்கச் சிலர் சொல்வார்கள். அறைக்குள் என்றால் சரி. எங்களைப் போல விறாந்தையிலும் கொட்டிலிலும் வேலை செய்கிறவர்களுக்கு அது ஆகாது. மாரி மழையில் ஒரு சாரல் பட்டால் பாணை பாலில் தோய்த்தது போல ஊதிவிடும். கால்களின் அடியில் பழைய றப்பர்ச் செருப்பை வட்டமாக வெட்டி அடித்தோம். சீமெந்தின் ஈரமும் மரத்தில் ஏறாது, வாள் ஓடும்போது மேசை நகரவும் நகராது. கறையான் உள்ள வளவென்றால் கிழமைக்கு ஒரு தரம் காலடியைக் குனிந்து பாருங்கள்.

இவர் செய்த ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். கோபிக்க மாட்டார். நடுப்பள்ளத்தை முதலில் 2 அடி அகலத்தில்தான் செய்தார். வாள் அழகாகப் பொருந்தியது. மனிதர் மகிழ்ச்சியோடு அதன் கையை 45 பாகைக்குத் திருப்பினார். வழியிலேயே கைபிடி போய்ச் சிறகின் மூலையில் இடித்து நின்றுவிட்டது! வாள் இருக்கும் இடத்தை அளந்தவர், வாள் திரும்பும் இடத்தை அளக்கவில்லை. பிறகு எல்லாவற்றையும் கழற்றி, அரை அடி கூட்டிச் செய்தார். ஆகவே மரத்தில் கை வைக்க முன்பு வாளைத் தரையில் வைத்து, இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, சோக்கால் கோடு போட்டுப் பாருங்கள். முன்னும் பின்னும் தண்டில் வழுக்கி ஓடும் வகை வாளென்றால் பின்னாலும் அப்படி அளக்க வேண்டும். அதன் தண்டுகள் சுவரில் இடிக்கும்.

இனி மட்டம். இந்த மேசையின் உயிர் இதில்தான் இருக்கிறது. நடுத்தட்டைக் கணக்கை விட இரண்டு மில்லிமீற்றர் தாழ்வாக வைத்தார். பிறகு வாளை வைத்து, அதன் நான்கு காலுக்கும் கீழே ஃபோர்மைக்காத் துண்டுகளை ஒவ்வொன்றாக நுழைத்து உயர்த்தினார். தளபாடக் கடைகளில் வெட்டி எறிகிற துண்டுகள்தான். ஒரு மில்லிமீற்றர் அளவே தடிப்பு. 6 அடி நீள அலுமினியப் பட்டம் ஒன்றை வாளின் மேலும் சிறகின் மேலும் சேர்த்து வைத்து, நான் அந்தப் பக்கம் ரோர்ச் அடித்தேன். வெளிச்சம் எங்கே தெரிகிறதோ அங்கே இடைவெளி. சிறகு கடதாசித் தடிப்பளவு தாழ்ந்திருந்தால் விட்டுவிடலாம். உயர்ந்திருக்க மட்டும் விடக்கூடாது. ஏனென்று கெக்கரிக்காய் சொல்லியிருக்கிறது அல்லவா? ஒரு பின்னேரம் முழுவதும் இதற்கே போனது. மற்ற எல்லா வேலையையும் அவசரமாகச் செய்தாலும் இந்த வேலையை அவசரப்படுத்தாதீர்கள். மட்டம் சரியான பிறகு போல்ட் போட்டு வாளை இறுக்கிவிடலாம்.

சிறகுகளின் பின்பக்கம் பலகை சாய்ந்து நிற்க ஒரு நிமிர்ந்த சட்டம் அடிப்பார்கள். அதை வாளோடு வந்த சட்டத்துக்கு நேராக அடிக்காமல், இரண்டு மூன்று மில்லிமீற்றர் பின்தள்ளி அடிக்க வேண்டும். பலகை சாய வேண்டியது வாளின் சட்டத்தில். நம்முடையது சற்று முன்னால் வந்தாலும் பலகையைக் கோணலாகத் தள்ளிவிடும். அப்படியானால் எதற்கு அந்தச் சட்டம்? அதில்தான் தடைக்கட்டை இருக்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்த பாகம். ஒரு சிறு மரக்கட்டையைச் சட்டத்தில் வேண்டிய தூரத்தில் இறுக்கிவிட்டால், பலகையின் நுனியை அதில் முட்டவைத்து அறுத்துக் கொண்டே போகலாம். பத்துத் துண்டும் அச்சடித்தது போல ஒரே நீளம். அளக்கவே வேண்டாம். கட்டையின் கீழ் மூலையைக் கொஞ்சம் செதுக்கி விடுங்கள். இல்லாவிட்டால் அங்கே மரத்தூள் அடைந்து, ஒவ்வொரு துண்டும் கொஞ்சங் கொஞ்சமாகக் குட்டையாகும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. தடைக்கட்டை எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்துத் துண்டைத்தான் கையால் அமர்த்த வேண்டும். கட்டைக்கும் வாளுக்கும் நடுவில் யாரும் பிடிக்காத ஒரு துண்டு அகப்பட்டால் அது கல் போலப் பறக்கும். இரு பக்கமும் கட்டை வைப்பது கூடவே கூடாது.

வாள் சரியாக நிற்கிறதா என்று பார்க்கவும் ஒரு சுகமான வழி உண்டு. இரண்டு ஓரமும் நேரான பலகைத் துண்டு ஒன்றை நடுவில் நேராக அறுங்கள். ஒரு பாதியை மேல்கீழாகப் புரட்டி, இரண்டையும் நேர்ச் சட்டம் ஒன்றில் சாய்த்து, அறுத்த வாய்களைச் சேருங்கள். இடைவெளி தெரியாவிட்டால் வாள் செங்கோணத்தில் நிற்கிறது. தெரிந்தால் உண்மையான பிழை அதில் பாதி. படச் சட்டம் செய்கிறவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது. நான்கு மூலைக்கு எட்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் அரைப் பாகை பிசகினாலும் கடைசி மூலைக்கு வரும்போது நான்கு பாகை சேர்ந்துவிடும். அந்த இடைவெளிக்குள் ஒரு கடதாசியை மடித்துச் செருகலாம். 60 பல்லுள்ள வாளைப் போட்டால் வெட்டும் மெழுகியது போல வரும். வாளோடு வருகிற குறைந்த பல் வாள் சட்டம், வளை போன்ற முரட்டு வேலைக்கு.

மின்சாரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. எங்கள் வாள் 1,650 வற். அது 7 அம்பியருக்கு மேல் இழுக்கும். மின்விசிறி செருகும் 5 அம்பியர் பிளக்கில் அதைச் செருகக் கூடாது. 15 அம்பியர் பிளக்கில் செருக வேண்டும். நீட்டு வயரைச் சுருட்டிய படியே பாவித்தால் சூடேறி உருகும். முழுதாக விரித்துவிடுங்கள். சவூதியிலிருந்து பழைய மெஷின் கொண்டு வந்தவர்கள் அதில் ஒட்டியிருக்கும் தகட்டை முதலில் வாசியுங்கள். அங்கே முன்பு 127 வோல்ட்டும் 220 வோல்ட்டும் இரண்டும் பாவனையில் இருந்தன. குறைந்த வோல்ட் மெஷின் ஒன்றை எங்கள் அயலவர் ஒருவர் இங்குள்ள 230 வோல்ட்டில் செருகினார். பத்து நொடியில் புகை வந்தது, அவ்வளவுதான்.

இனி நம்முடைய பெரிய தலையிடிக்கு வருவோம். தூள்! மேசை வரும் முன்பு இவர் விறாந்தையில் ஒரு சட்டம் அறுத்தால் குசினியில் சோற்றுப் பானை மூடியில் தூள் இருக்கும். கொடியில் காயும் உடுப்பை மறுபடி கழுவ வேண்டும். அதையெல்லாம் சகிக்கலாம். எங்கள் இளைய மகளுக்கு ஆஸ்துமா. இவர் மரம் அறுத்த இரவுகளில் அவள் தூங்கமாட்டாள். மரத்தூள் சும்மா அழுக்கு அல்ல, சகோதரிகளே. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995 இல் அதை மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. வருடக்கணக்காகத் தூளுக்குள்ளேயே வேலை செய்கிறவர்களுக்கு மூக்கின் உட்புறத்தில் அது வரக்கூடும். லீவு நாளில் ஒரு சட்டம் அறுப்பவர் அதற்காகப் பயந்து நடுங்கத் தேவையில்லை. ஆனால் தேக்கு, மகோகனித் தூள் சிலருக்குத் தோலில் சொறியையும் தும்மலையும் மூச்சு முட்டையும் உடனேயே கொடுக்கும்.

வாளோடு வரும் துணிப்பை தூளில் ஒரு பங்கைத்தான் பிடிக்கும். மற்றது பின்னால் பறக்கும். ஆகவே வாளின் பின்னால் மூன்று பக்கமும் மறைத்த ஒரு கூடு செய்தோம். பழைய ரெக்ஸின் விரிப்பு ஒன்றை உள்ளே அடித்து, கீழே புனல் போலக் குவித்து, அதன் வாயில் ஒரு வாளியை வைத்தோம். வாள் சாய்வாகத் திரும்பும்போது கூட்டில் முட்டாதபடி அகலமாக இருக்க வேண்டும். தூளில் பெரும்பகுதி இப்போது வாளிக்குள் போகிறது. மிஞ்சியதை நான் விளக்குமாற்றால் கூட்டுவதில்லை. காய்ந்தபடி கூட்டினால் கண்ணுக்குத் தெரியாத தூள்தான் எழும்பி நெஞ்சுக்குள் போகும். ஈரத் துணியால் துடைக்க வேண்டும். மேசையையும் விறாந்தையிலிருந்து வளவின் மூலையிலுள்ள கொட்டிலுக்கு மாற்றினோம். வீட்டுப் பக்கமிருந்து காற்று வீசுகிற நேரம் பார்த்து அறுப்பார். மகள் இப்போது தூங்குகிறாள்.

கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாளுக்கும் கைக்கும் நடுவில் குறைந்தது 6 அங்குலம் இருக்க வேண்டும். எங்கள் மேசையின் மேல் அந்த எல்லையைச் சிவப்புப் பெயின்ற்றால் கோடிட்டிருக்கிறோம். துண்டு அதை விடச் சிறியதென்றால் கையால் பிடிக்காமல் இடுக்கியால் இறுக்க வேண்டும். அறுத்து முடிந்ததும் சுவிட்சை விட்டுவிட்டு, வாள் முழுதாக நின்ற பிறகே மேலே தூக்க வேண்டும். கண்ணாடியும் காதுமூடியும் போட வேண்டும். கையுறை போடக் கூடாது. பாதுகாப்பென்று நினைத்துப் போடுவார்கள், அதன் நுனியை வாள் பிடித்தால் கையையே இழுத்துக் கொண்டு போகும். நாங்கள் கிட்டப் போவதென்றால் சால்வையின் தொங்கலை உள்ளே செருகி, நீளக் கையை மடித்து, வளையலைக் கழற்றி வைக்க வேண்டும். வேலை முடிந்தால் பிளக்கைக் கழற்றி, வாளின் தலையைக் கீழே அமர்த்திப் பூட்டும் ஊசியைச் செருகிவிடுங்கள். பல வாள்களில் சுவிட்சிலேயே சிறு பூட்டுப் போட ஒரு துளை உண்டு. எங்கள் வீட்டில் அந்தச் சாவி என்னிடம்தான்.

"இவ்வளவு பாடு எதற்கு, கடையில் மடக்குக் கால் வைத்த ஸ்டாண்ட் விற்கிறதே?" என்று கேட்கலாம். வீடு வீடாகப் போய் வேலை செய்கிறவருக்கு அது நல்லது. ஓரிடத்தில் செய்கிறவருக்கு மரமேசைதான் நல்லதென்பது என் எண்ணம். கீழே உள்ள இடத்தில் எங்கள் வீட்டில் நான்கு லாச்சியும் துண்டு மரங்களுக்கு ஒரு தட்டும் இருக்கின்றன. ஆணிப் போத்தல்களெல்லாம் என் குசினி அலுமாரியை விட்டு வெளியேறியது அந்த லாச்சிகளால்தான்.

போன மாதம் குசினியில் தட்டுக் கவிழ்க்க ஒரு மரத் தாங்கி தேவைப்பட்டது. 14 சிறு சட்டம், எல்லாம் ஒரே நீளம். இவர் கடையிலிருந்து வரும்வரை காத்திருக்க மனமில்லை. சாவியை எடுத்தேன். சால்வையைச் செருகினேன். தடைக்கட்டையை 16 அங்குலத்தில் இறுக்கி, ஒன்றொன்றாக அறுத்துக் கொண்டிருந்தேன். ஒன்பதாவதோ பத்தாவதோ அறுக்கும்போது கொட்டில் வாசலில் நிழல் விழுந்தது. சுவிட்சை விட்டு, வாள் நிற்கும்வரை பார்த்திருந்துவிட்டுத் திரும்பினேன். இவர் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றார். பலகை சிறகின் மேல் நீளமாகக் கிடந்தது. பழக்க தோஷம், மறு தொங்கலுக்குக் கையை நீட்டினார்.

"புடிக்கவா?"

"வேணாம். மேசை புடிச்சிருக்கு."

நீட்டிய கையை இழுத்துக் கொண்டு, முகம் கழுவப் போனார். எனக்கு இன்னும் நாலைந்து சட்டம் பாக்கி இருந்தது.